அந்த மூலை ஒழிஞ்சா மதி

பிள்ளைகளே, நீங்கள் ரெண்டு பேரும் போனில் அனுப்பின ரேக் படங்களை எல்லாம் பார்த்துவிட்டேன். கறுப்பு, வெள்ளை, மர நிறம், சக்கரம் வைத்தது, வைக்காதது. "எதுன்னு சொல்லுங்கோப்பா, இன்னிக்கே ஆர்டர் போட்டுடறேன்" என்று பெரியவள் கேட்டாள். சின்னவன் பெங்களூரிலிருந்து, "தட்டை ஏத்தி இறக்கற மாதிரி உள்ளதா எடுங்கோ. அப்பாவோட செட்டு பழசு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு உயரம்" என்று யோசனை சொன்னான். நல்ல யோசனைதான். நானும் டேப்பை எடுத்துக்கொண்டு ஆம்ப்ளிஃபயரை அளந்தேன், கேசட் டெக்கை அளந்தேன், ரெக்கார்டு பிளேயரை மூடி திறந்தபடி அளந்தேன். அளவு எழுதின துண்டுத்தாளை எங்கேயோ வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அளந்தேன். பதில் மட்டும் அனுப்பவில்லை. காப்பி போட்டு வைத்துவிட்டுக் குடிக்காமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறேன். எதிர்வீட்டு மாமி, "என்ன தேடறேள்?" என்று கேட்டேவிட்டாள்.

ரேக் இல்லை காரணம். பெரியவள் அனுப்பின ஒரு வரிதான். "ஹால்ல டிவி பக்கத்து மூலையை உங்க செட்டுக்காக ஒழிச்சு வெச்சாச்சுப்பா. நீங்க வந்தா மதி."

வந்தால் போதும் என்று அன்பாகத்தான் எழுதியிருக்கிறாள், எனக்குத் தெரியும். உங்கள் அம்மா போன பிறகு நான் இந்த ஸ்ரீவராகம் வீட்டில் தனியாகக் கிடக்க வேண்டாம், கழக்கூட்டம் பிளாட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று நாம் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவுதானே. ஆனால் அந்த 'ஒழிச்சு' என்ற வார்த்தையைப் படித்ததும் இந்த வீட்டுக் கூடத்தில் வேறொரு மூலையும் ஒரு கோடை லீவும் ஞாபகம் வந்துவிட்டன. உங்களிடம் இதைச் சொன்னதே இல்லை. நான் ப்ரீ டிகிரியோடு நின்றவன், அதுவும் மலையாளத்தில் படித்தவன். தமிழ் எழுத்து வீட்டில் கற்றதுதான். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிற என் வயசுக்காரர்கள் யாராவது படித்தாலும் சந்தோஷம். நமக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம்தான் இது.

அப்போது நான் நாலாம் கிளாஸ் முடித்திருந்தேன். அப்பாவுக்கு ஒரு அரசாங்க ஆபீசில் வேலை. அங்கே மேலதிகாரியாக இருந்தவர் டெல்லிக்கு மாற்றலாகிப் போனார். சங்கீதப் பைத்தியம். அவ்வளவு தூரம் கொண்டுபோனால் உடைந்துவிடும் என்று தன் செட்டை, அதாவது ஆம்ப்ளிஃபயர், டெக், ரெக்கார்டு பிளேயர், ரெண்டு ஸ்பீக்கர், ஒரு கட்டு ரெக்கார்டு எல்லாவற்றையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்: "தரையில வெக்காதே, ஈரம் ஏறும். ஒண்ணு மேல ஒண்ணு வெக்காதே, ஆம்ப்ளிஃபயருக்கு மூச்சு முட்டும். நல்ல ரேக்கா ஒண்ணு பார்த்து வாங்கி, அதுக்கப்புறம்தான் ஸ்விட்சைப் போடணும்."

அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ரேக் வருகிறவரை ஸ்விட்ச் போடக்கூடாது. செட்டு கூடத்துப் பெஞ்சில் வேஷ்டி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அக்காவும் நானும் யாரும் பார்க்காதபோது வேஷ்டிக்குள் கையை விட்டு ஆம்ப்ளிஃபயரின் பெரிய குமிழைத் திருகுவோம். கனமாக, எண்ணெய் போட்டதுபோல் வழுக்கிக்கொண்டு சுற்றும். கிட்டே முகத்தைக் கொண்டுபோனால் சூடான தூசியும் வார்னிஷும் கலந்த ஒரு வாசனை. சத்தம் மட்டும் கிடையாது. ஒரு பாட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு அது பாடாமல் இருப்பதைக் கேட்டுக்கொண்டே இருந்தோம். கை துறுதுறுவென்றது.

ரேக்கை எங்கே வைப்பது என்பதில் சந்தேகமே இல்லை. கூடத்தில் பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று. அது சமையலறை வாசலை ஒட்டின மூலையில். அந்த மூலையில்தான் பெரியம்மா இருந்தாள்.

பெரியம்மா என்றால் என் அம்மாவின் அக்கா. கும்பகோணத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். பெரியப்பா தவறிப்போய், அந்த வீட்டை மைத்துனர்கள் பிரித்துக்கொண்ட பிறகு எங்களோடு இருக்க வந்தவள். அந்த மூலையில் அவளுடைய பச்சைத் தகரப் பெட்டி, மேலே சுருட்டி வைத்த ஜமக்காளம், சுவரில் ஒரு ஆணி, ஆணியில் ஒரு கைக்கண்ணாடி. அவ்வளவுதான் அவள் குடித்தனம். பகலில் பெட்டிமேல் உட்கார்ந்து காய் நறுக்குவாள், ராத்திரி அதன் பக்கத்திலேயே படுப்பாள்.

வந்து வருஷம் ஒன்றுகூட ஆகவில்லை. மலையாளம் அரைகுறை. மீட்டர் பார்க்க வந்தவர் ஒருநாள் அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்ற அர்த்தத்தில் "கொள்ளாம்" என்றார். பெரியம்மா பதறிப்போய், "கொள்ளாதா? புளிச்சுடுத்தோ?" என்று வேறு மோர் எடுக்க ஓடினாள். அக்கா அதைச் சொல்லிச் சொல்லியே அவளைச் சீண்டுவாள். சாப்பாடு போட்டால் தட்டை நீட்டி, "பெரியம்மா, ரசம் கொள்ளாம்!" என்பாள். "உன் வாயிலே கொள்ளாது, போடி" என்று அவளும் விடமாட்டாள்.

அப்பா சாலைக் கடைத்தெருவுக்கு நடையாய் நடந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு போவார். சைக்கிள் கேரியர் சூட்டில் தொடை பொரியும். தேக்கு ஷோகேஸ் பார்த்தோம். "கண்ணாடிக்குள்ளே காத்து இல்லையே" என்றார். பிரம்பு ஸ்டாண்ட் பார்த்தோம். கையை வைத்து அழுத்திப் பார்த்து, "வளையறது" என்றார். கடைசியில் ஒரு இரும்புக் கடையில் நாலு கால் நெடுக ஓட்டை போட்ட ரேக் ஒன்று பார்த்தோம். எந்த ஓட்டையில் வேண்டுமானாலும் போல்ட்டைப் போட்டுத் தட்டை நிறுத்தலாம். "கேற்றாம் சாரே, எறக்காம். சாரின்றெ இஷ்டம்" என்று கடைக்காரர் ஒரு தட்டை ஏற்றி இறக்கிக் காட்டினார். அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அன்றைக்கும் வாங்காமல் திரும்பி வந்தார்.

வீட்டில் அளவு பார்த்தது தனிக் கூத்து. பழைய பேப்பரை ஒவ்வொரு சாமானின் அளவுக்கும் வெட்டி, கூடத்துத் தரையில் பரப்பினார். இது டெக், இது ஆம்ப்ளிஃபயர், இது பின்னால் ஒயர் போக விடவேண்டிய இடம். ஃபேன் காற்றில் டெக் பறந்து சமையலறைக்குள் போகும். பெரியம்மாதான் ஒவ்வொன்றின் மேலும் கனம் வைத்தாள். ஆம்ப்ளிஃபயர் மேல் அரிவாள்மணை, டெக் மேல் புளி ஜாடி. நான் குறுக்கே நடந்தால் அக்கா கத்துவாள்: "டேய் குருட்டுமூஞ்சி, ரெக்கார்டு பிளேயரை மிதிச்சுட்டே பாரு!"

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு அலமாரி வாங்க இத்தனை யோசனையா? என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ இதிலே பாதியாவது யோசிச்சேளா?"

"அன்னிக்கு யாரு அளவெடுக்க விட்டா?" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். பெரியம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை அந்த லீவில் நான் பார்த்தது அதுதான் கடைசி என்று தோன்றுகிறது.

அந்த இரும்பு ரேக் ரெண்டு அகலத்தில் வந்தது. அகலமானதை வைத்தால் சமையலறைக் கதவு இடிக்குமா என்று அப்பாவுக்குச் சந்தேகம். கடைக்காரரையே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல மனுஷர், நீளமான கை. அதையே அளவுகோலாக விரித்துச் சுவரில் வைத்துப் பார்த்தார். பெரியம்மா அவர் வருவதைப் பார்த்ததும் பெட்டியிலிருந்து எழுந்து சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவர் ஜமக்காளத்தைக் காட்டிக் கேட்டார்: "இவிடெ ஆரா சாரே கெடக்குந்நது?" இங்கே யார் படுக்கிறது என்று.

"வைஃபின்றெ சேச்சி" என்றார் அப்பா. பிறகு பெட்டியையும் ஜமக்காளத்தையும் சேர்த்துக் கையால் ஒரு வீச்சு வீசினார். "அது சாரமில்ல. ஈ மூல ஒழிஞ்ஞா மதி. பின்னெ ஒரு சல்யமும் இல்லா."

இங்கே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அதில் ஒன்றுமே இல்லை. அது பரவாயில்லை, மூலை காலியானால் போதும், அப்புறம் சிரமம் இல்லை என்கிறார். காலி வீட்டை இந்த ஊரில் ஒழிஞ்ச வீடு என்றுதான் சொல்வார்கள். கதவுக்குப் பின்னால் நின்றவளுக்கோ நாலு வார்த்தைதான் பிடிபட்டது. சேச்சி. ஒழிஞ்ஞா. மதி. சல்யம். சேச்சி என்றால் அக்கா, தான்தான் என்று அவளுக்குத் தெரியும். மதி என்றால் போதும் என்பது கடைகண்ணியில் கற்றது. ஒழிவதும் சல்லியமும் கும்பகோணத்திலிருந்தே அவளோடு வந்த வார்த்தைகள். கோர்த்துப் பாருங்கள். அவள் ஒழிந்தால் போதும், தொல்லை விட்டது.

மோர் டம்ளரைக் கொண்டுவந்து கடைக்காரரிடம் கொடுத்தாள். அவர் "கொள்ளாம் சேச்சி" என்றார். இந்தத் தடவை அவள் பதறவில்லை.

அதற்கப்புறம் வீடு ஒரு நிலையில் இல்லை. அப்பா அகலமா குறுகலா என்று நடந்துகொண்டிருந்தார். நாங்கள் ரேக் எப்போது என்று அவர் பின்னாலேயே நடந்தோம். பெரியம்மாவும் நடக்க ஆரம்பித்தாள். பெட்டியைத் திறந்து புடவைகளைக் கொல்லையில் உதறி வெயில் காட்டினாள். ஜமக்காளத்தை ஒருநாள் ரேழியில் விரித்தாள், இன்னொரு நாள் சாமான் அறையில். அம்மா ஏன் என்று கேட்டால், "காத்துக்கு" என்பாள். ரேழியில் ஏது காத்து? சுவரிலிருந்த கைக்கண்ணாடியைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தாள். "நீ வெச்சுக்கோடி. எனக்கு எதுக்குக் கண்ணாடி."

ஒருநாள் காப்பி ஆற்றிக்கொண்டே அப்பாவிடம் கேட்டாள்: "கும்பகோணத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்துத் தரேளா? மைத்துனர் ஆத்துலே கூப்பிட்டிருக்கா."

"அதுக்கென்ன அக்கா, எடுத்துட்டாப் போச்சு" என்றார் அப்பா. எப்போது திரும்பி வருவீர்கள் என்று கேட்கவில்லை. அவர் கையில் அப்போது ரெக்கார்டு பிளேயர் பேப்பர் இருந்தது, மூடி திறந்தால் எத்தனை இடம் வேண்டும் என்று மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவளைக் கூப்பிடவில்லை என்பதும் எங்களுக்கு அப்போது தெரியாது.

ரேக் வந்த அன்றைக்கே சாயங்கால வண்டிக்கு அவளுக்கு டிக்கெட். வானம் காலையிலிருந்தே மூடிக்கொண்டு கிடந்தது, ஒரு சொட்டு விழவில்லை. வெக்கை மட்டும். கடைக்காரர் கால்களையும் தட்டுகளையும் தனித்தனியாக ஆட்டோவில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பெயிண்ட் வாசனை கூடமெல்லாம் பரவியது. மூலை துடைத்து வைத்தமாதிரி இருந்தது. தகரப் பெட்டி, நாலு சுற்றுக் கயிறு கட்டி, வாசலுக்கு நேரே ரேழியில் போய் நின்றிருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போல்ட்டுகளை எடுத்துக் கொடுப்பது என் வேலை, நட்டுகளை எடுத்துக் கொடுப்பது அக்கா வேலை, சண்டை ரெண்டு பேருக்கும் பொது.

முதலில் கீழ்த்தட்டைப் போட்டார்கள், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். ரெக்கார்டுகளுக்கு. அப்பா ஸ்பானரால் இறுக்கி முடித்தார். கடைக்காரர் நிமிர்ந்து, காலியாகக் கிடந்த மூலையையும் கதவருகே நின்ற பெரியம்மாவையும் பார்த்துவிட்டு மனசாரச் சொன்னார்: "சேச்சி வேகம் ஒழிஞ்ஞு தந்நல்லோ. நந்நாயி." சீக்கிரமே இடத்தைக் காலி பண்ணிக் கொடுத்தீர்களே, நல்லது என்று.

பெரியம்மா சொன்னாள்: "ஆமாம்பா. ஒழிஞ்சுதான் போறேன். இன்னும் கொஞ்ச நேரம். அப்புறம் யாருக்கும் சல்லியம் இல்லை."

அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "என்ன பேச்சுக்கா இது? யாரு உன்னை என்ன சொன்னா?"

"சொல்லாம என்ன? அன்னிக்கு உன் ஆத்துக்காரர் இவர் முன்னாலேயே சொன்னாரே. சேச்சி ஒழிஞ்சா மதின்னு."

அக்காவுக்குத்தான் முதலில் புரிந்தது. சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு. "ஐயோ பெரியம்மா! நீங்க நினைக்கற ஒழியறது இல்லை அது! மலையாளத்துலே ஒழியறதுன்னா இடத்தைக் காலி பண்றது. அவ்வளவுதான்!"

பெரியம்மா அவளைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"காலிதானேடி பண்ணியிருக்கேன்? எந்த பாஷையிலே சொன்னா என்ன, போறது நான்தானே?"

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கேயாவது பதில் இருக்கிறதா என்பதுபோல் எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவருடைய முகத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். இத்தனை நாள் பேப்பர் வெட்டி, ஒயருக்கு இடம், காற்றுக்கு இடம், மூடிக்கு இடம் என்று பார்த்துப் பார்த்து விட்டவர். தரையில் பரப்பின அத்தனை பேப்பரிலும் பெரியம்மாவின் ஜமக்காள அளவுக்கு ஒன்று இல்லை. அவள் கேட்ட வார்த்தை வேண்டுமானால் தப்பு. கேட்ட விஷயம் தப்பில்லை.

அப்பா முழங்கால் மடித்து உட்கார்ந்தார். இப்போதுதான் இறுக்கின போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

"எந்தா சாரே? சரியாயில்லே?" என்றார் கடைக்காரர்.

"சரியாயில்லை." அப்புறம் திரும்பாமலே, "அக்கா, உங்க பெட்டி என்ன உசரம் இருக்கும்?"

நானும் அக்காவும் ரேழிக்கு ஓடி, கயிறும் கட்டுமாகப் பெட்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தோம். அப்பா தட்டைப் பெட்டிக்கு மேலே தூக்கிப் பிடித்தார். கடைக்காரர் ஓட்டை பார்த்தார். பெட்டி உள்ளே போயிற்று. தட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் ரெண்டு விரல் இடம்.

அம்மா சொன்னாள்: "மூடி எப்படித் திறக்கும்? தட்டு இடிக்குமே."

அப்பா இன்னொரு ஓட்டை ஏற்றினார். போதவில்லை. இன்னும் ஏற்றினால் மேலே ஆம்ப்ளிஃபயருக்கு மூச்சு விட இடம் இருக்காது. அவர் தட்டைப் பிடித்தபடி மேலே பார்த்தார், கீழே பார்த்தார், வியர்வை மூக்கில் சொட்டியது. கடைசியில் பெரியம்மாதான் சொன்னாள்.

"வெளியிலே இழுத்துத் திறந்துக்கறேன். கை வலிக்கறது பாருங்கோ, தட்டை வெச்சு முடுக்குங்கோ."

சாயங்கால வண்டி அவள் இல்லாமல் போயிற்று. அன்றைக்குச் செட்டை ஸ்விட்ச் போட்டோம். முதலில் ஒரு 'ம்ம்' என்ற முனகல், அப்புறம் ஒரு நாகஸ்வரம் கூடத்தை நிறைத்தது. நான் இவ்வளவு நாள் கேட்கத் துடித்த சத்தம். ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது சத்தம் இல்லை. பெட்டிமேல் இன்னும் இருந்த கயிறு. அவள் அதை அவிழ்க்கவில்லை. மாற்றுப் புடவைகூட அம்மாவிடம் வாங்கித்தான் கட்டிக்கொண்டாள். ஸ்கூல் திறந்து, மழை பிடித்து, கொல்லையில் தண்ணீர் நின்ற பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது அந்தக் கயிறு ரேழியில் குறுக்கே கட்டியிருந்தது. ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது.

கீழ்த்தட்டை ஏற்றினதில் ரெக்கார்டுகளுக்கு இடம் இல்லாமல் போயிற்று. "என் பெட்டியிலே வெச்சுக்கோங்களேன், ஒரு ஓரமா" என்றாள். அப்புறம் யாருக்கு என்ன பாட்டு வேண்டுமானாலும் பெரியம்மாவைத்தான் கேட்க வேண்டும். பெட்டியை இழுத்து, புடவைகளுக்கு நடுவிலிருந்து உறையை உருவிக் கொடுப்பாள். சின்ன வயசில் நீங்கள் கேட்பீர்களே, ஏம்ப்பா உங்க ரெக்கார்டெல்லாம் பாச்சை உருண்டை வாசனை அடிக்கறதென்று. அதுதான். பெட்டி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வாசனை மட்டும் இருக்கிறது.

அப்பா கடைசிவரை இதைப் பாஷைத் தகராறு என்றே நம்பினார். வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பெரியம்மாவும் கூடச் சிரிப்பாள். அப்படிச் சிரிக்கும்போது அவள் கை தட்டுக்குக் கீழே போய்ப் பெட்டியை ஒருதரம் தொட்டுவிட்டு வரும். அதை அப்பா பார்த்ததே இல்லை.

சரி, ரேக். நீங்கள் அனுப்பினதில் கறுப்பு இரும்பு ரேக் லட்சணமாக இருக்கிறது, ஆனால் கீழ்த்தட்டு மட்டும் வெல்டு பண்ணி ஒட்டினது. மேலே உள்ளதுதான் ஏறி இறங்கும். அது வேண்டாம். மர நிறத்து ரேக்கில் எல்லாத் தட்டும் கழற்றலாம், அதையே போடுங்கள்.

ஆனால் இன்றைக்கே ஆர்டர் போடாதே, பெரியவளே. எனக்குக் கோபமோ வருத்தமோ இல்லை. லிஃப்ட் இருக்கிறது, பக்கத்தில் கோயில் இருக்கிறது, செட்டுக்கு மூலை இருக்கிறது என்று எல்லாம் சொன்னாய். உங்கள் வீட்டில் ரெண்டு அறை என்றும், ஒன்றில் மாப்பிள்ளை ஆபீஸ் வேலை பார்க்கிறார் என்றும் எனக்குத் தெரியும். பெரியம்மா கேட்காமல் விட்டதையும் அப்பா கேட்காமல் விட்டதையும் நானாவது கேட்டுவிடுகிறேன். டேப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். பதில் அனுப்பு.

நான் எங்கேம்மா படுத்துக்கறது?